நரம்பு ஊசிக்கு முன் மஞ்சப்பையை அவிழ்த்துப் பாருங்கள்

தைப்பூசம் நெருங்கினால் காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களின் வரிசை இரவு பகல் பாராமல் போய்க்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் வந்த ஒரு மாமா, தாராபுரம் தாண்டி இளைப்பாற உட்கார்ந்தபோதுதான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். முள் ஏறி, உள்ளேயே ஒடிந்திருந்தது. "குத்தியதே தெரியவில்லையே, எல்லாம் முருகன் அருள்" என்றார். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அவருக்குச் சர்க்கரை வந்து வெகுநாள் ஆகியிருந்தது. காலில் உணர்ச்சி போயிருந்தது என்பது, புண் ஆறாமல் ஒரு விரலை எடுத்த பிறகுதான் வீட்டாருக்கு உறைத்தது.

சர்க்கரை நோயில் நரம்பு கெடும்போது முதலில் பாதம் எரியும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். அப்போது மருத்துவரிடம் ஓடுகிறோம். சில மாதங்களில் எரிச்சல் தானாக அடங்கினால் குணமாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். பெரிய தவறு இதுதான். எரிச்சலைச் சொல்லக்கூட நரம்புக்குத் தெம்பில்லாமல் போனாலும் இப்படி அடங்கும். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்த்தால் உணர்ச்சி இருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பவர்கள் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். வெந்துபோன பிறகும் சுடவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. பண்ணாரியில் குண்டம் இறங்க (தீ மிதிக்க) நேர்ந்துகொண்ட சர்க்கரைக்காரர்கள் வேண்டுதலை முடிகாணிக்கையாக மாற்றிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்தது, நரம்பு ஊசி என்று கேட்டு வாங்கும் அந்தச் சிவப்பு ஊசி. கை கால் மரத்தாலும், நடை தள்ளாடினாலும், ஞாபகம் மங்கினாலும், "ஏனுங்க, நரம்புத் தளர்ச்சிதானுங்களா? ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம். நரம்புத் தளர்ச்சி என்று தனியாக ஒரு நோய் கிடையாது. அந்தப் பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. சிவப்புக்குக் காரணம் அதிலுள்ள பி12 வைட்டமின். பி12 குறைந்தவருக்கு அது உண்மையிலேயே நல்ல மருந்துதான். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை. சர்க்கரைக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவது குறையும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் சில ஆண்டுகள் வெளியே தெரியாது. பிறகு பாதம் மரக்கும். அதையும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். சைவம் மட்டும் சாப்பிட்டு, பால் தயிரும் குறைவாக எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். ரத்தப் பரிசோதனையை ஊசிக்கு முன்பே செய்ய வேண்டும். ஊசி போட்ட பிறகு எடுத்தால் அளவு அழகாகத்தான் காட்டும், உண்மை மறைந்துவிடும். இன்னொரு வேடிக்கை: நரம்பு மாத்திரைகளில் பி12-உடன் சேர்ந்து வரும் பி6 அளவுக்கு மிஞ்சி, மாதக்கணக்கில் உள்ளே போனால், அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். ஆனால் காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுபவர்களுக்கு அதே பி6 காவல். மருத்துவர் சொன்ன அளவில் அதை விடாமல் எடுக்க வேண்டும்.

எங்கள் அமத்தாவுக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, தலைசுற்றல் வந்தது. ஒரு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்த சின்னரிசின் மாத்திரையை, நன்றாக இருக்கிறதே என்று மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி ஒன்றரை ஆண்டு வாங்கிச் சாப்பிட்டார். கை நடுங்கத் தொடங்கியது, முகத்தில் சிரிப்பு மறைந்தது, நடை சின்னச் சின்ன அடியாகச் சுருங்கியது. நடுக்குவாதம் என்று முடிவுகட்டி அதற்கும் மாத்திரை சேர்ந்தது. கடைசியில் ஒரு மருத்துவர் மாத்திரைகள் வைத்திருந்த மஞ்சப்பையை மேசையில் கொட்டச் சொல்லி, அட்டை அட்டையாகப் பிரித்துப் பார்த்து, சின்னரிசினை நிறுத்தினார். மூன்று மாதத்தில் அமத்தா மறுபடியும் கோலம் போட்டார். ஃப்ளூனாரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடும். அதற்காக எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் வரக்கூடும்.

வயதானவர் இரண்டு மூன்று நாளில் குழம்பிப் பேசினால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்தைக் குறைக்கக்கூடும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 120-க்கு இறங்கினால் புத்தி தடுமாறும், வலிப்பும் வரலாம். அதை அவசரமாக ஏற்றுவதும் ஆபத்து, மூளைத்தண்டு கெடும். எனவே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்து வீட்டு வைத்தியம் பார்க்கிற காரியமல்ல.

சஷ்டி விரதத்தில் பட்டினி கிடந்துகொண்டே, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போகும். இன்னும் இறங்கினால் ஒரு கை விழுந்து, வாய் குழறி, பக்கவாதம் போலவே காட்டும். விழித்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். தெளிந்த பிறகும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மாத்திரையின் வேகம் மணிக்கணக்கில் நிற்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கும்.

உண்மையான பக்கவாதத்திலோ புறா ரத்தம் பூசவும் எண்ணெய் தேய்க்கவும் ஆள் தேடி வண்டி கிளம்புகிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா. முதல் கேள்விக்குப் பதிலைத் தினசரி நாள்காட்டித் தாளிலாவது கிறுக்கிக் கிழித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.