ரயிலைக் குனிந்து பார்த்தேன்

குன்னூரில்தான் வேலை. மலை ரயில் ஊதினாலும் தலை நிமிராத அளவுக்கு மனசு மரத்துப் போயிருந்தது. தியானம் எனக்குச் சரிப்படவில்லை. உதவியது ஒரு பழக்கம்: எதைப் பார்த்தாலும் "இது எப்படி?" என்று வாய்விட்டுக் கேட்பது. கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும்.

முதலில் ரயிலைக் கேட்டேன். "கீழே குனிஞ்சு பாருங்க தம்பி," என்றார் ஹில்குரோவ் ஸ்டேஷனில் ஓர் ஊழியர். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள். பற்கள் நேருக்கு நேர் இல்லை, முன்பின்னாக இருக்கின்றன. ஒன்று விடும்போது இன்னொன்று இன்ஜினின் பல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை அப்படியே கவ்விக் கவ்வி ஏறுகிறது, செங்குத்தான இடங்களில் 12 அடிக்கு 1 அடி உயரம்! "அண்ணே, செமையா இருக்கே!" என்று கத்திவிட்டேன். கண்ணும் கலங்கியது, மறைக்கவில்லை. அவரும் சிரித்தார்.

அப்புறம் குறிஞ்சிப் பூ. பூப்பதற்கான 12 வருஷத்தை அது எப்படிக் கணக்கு வைக்கிறது என்று யாரைக் கேட்கலாம்?