சுருக்கப்பெயர் ஒன்று, பொருள் பல: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏடிஎம் என்றால் வங்கியில் பணம் எடுக்கும் இயந்திரம். இயற்பியலில் அதே எழுத்துகள் காற்றழுத்த அலகு. இவற்றை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஒரே துறைக்குள், ஒரே தாளில் இரண்டு பொருளும் பொருந்தும்போதுதான் ஆபத்து. 'இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்' என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு.

மருந்துச் சீட்டில் எம்எஸ் என்று எழுதினால் அது மார்ஃபின் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம், மெக்னீசியம் சல்ஃபேட்டாகவும் இருக்கலாம். முன்னது கடும் வலிக்கு. பின்னது கர்ப்பகால வலிப்புக்கு. இரண்டுமே ஊசியாகப் போடப்படுபவை என்பதால், மாறினாலும் சட்டென்று சந்தேகம் வராது. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட 'எழுதக்கூடாதவை' பட்டியலில் இந்தச் சுருக்கமும் உண்டு. யூனிட் என்பதைக் குறிக்கும் 'யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் அதில் இருக்கிறது: கையெழுத்தில் அது பூஜ்யம் போலத் தெரிந்தால் 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. நம் எழுத்தில் ப, ட ஆகியவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் (ஆங்கில P–B, T–D) ஒரே எழுத்தாகவே நிற்கும். ரத்தம் உறைவதைப் பார்க்கும் புரோத்ராம்பின் நேரம் (PT), ரத்தக் கசிவு நிற்கும் நேரம் (BT) இரண்டின் சுருக்கமும் தமிழில் 'பிடி'தான். முன்னது விநாடிக் கணக்கு, பின்னது நிமிடக் கணக்கு. இங்கே முழுப்பெயரைத் தவிர வேறு வழியில்லை.

ஒப்பந்தங்களில் ஐபி. ஒரு சென்சார் வாங்கும் ஒப்பந்தத்திலேயே இணைய முகவரி, அறிவுசார் சொத்துரிமை, தூசி–நீர்க் காப்புத் தரம் மூன்றும் வரலாம். ஐபி67 என்றால் தூசி புகாது, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். உரிமைப் பிரிவில் வெறும் 'ஐபி' இருந்தால் வழக்குக்கு வழி திறந்த மாதிரிதான். ஓர் ஆவணத்தில் ஒரு பொருளுக்கு மட்டும் சுருக்கத்தை ஒதுக்குங்கள். மற்றவற்றை விரித்தே எழுதுங்கள்.

முதல் பக்கத்தில் ஒருமுறை விரித்துவிட்டால் போதும் என்பதும் தவறு. அட்டவணை, படக்குறிப்பு, மின்னஞ்சல் தலைப்பு எல்லாம் தனியாகப் படிக்கப்படுபவை. அங்கே மறுபடி விரிக்க வேண்டும். இரண்டே இடத்தில் வரும் பெயருக்குச் சுருக்கமே தேவையில்லை.

தேடும்போதும் துறைப்பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஏபிஐ' என்று மட்டும் தேடினால் மென்பொருள் இடைமுகம்தான் குவியும். மருந்தின் செயல்படு மூலப்பொருளைத் தேடுபவர் 'ஏபிஐ மருந்து தயாரிப்பு' என்று கொடுக்க வேண்டும்.