ஏர் சஸ்பென்ஷன் கார் இறங்கினால் முதலில் சோப்புத் தண்ணீர்

ஏர் சஸ்பென்ஷன் காரில் ஸ்டீல் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைகள்தான் (ஏர் பேக்) வண்டியைத் தாங்கும். ராத்திரி நிறுத்திய அப்படிப்பட்ட கார் காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கிக் கிடந்தால், மெக்கானிக் சொல்கிறார் என்று ஸ்டீல் ஸ்பிரிங்குக்கு மாற்றச் சம்மதிப்பதற்கு முன்னால், கார் முழு உயரத்தில் நிற்கும்போதே அந்தச் சக்கரத்தின் ஏர் பேக், டியூப் இணைப்பு, வால்வு பிளாக் (பேக்குகளுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், நுரை எங்கே பொங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. இறங்கிய பிறகு அடித்தால் உள்ளே காற்றே இருக்காது, நுரையும் வராது. பேக் ரப்பர் பெரும்பாலும் அடியில் மடியும் இடத்தில்தான் வெடிப்பு விடும், அதனால் அங்கே கொஞ்சம் தாராளமாகவே அடியுங்கள்.

பேக்குகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் போய்விட்டது என்பார் மெக்கானிக். அது பெரும்பாலும் சும்மா போவதில்லை, கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடித்தான் சூடாகிப் போகிறது, கசிவை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் அதுவும் போகும். சின்ன ஓ-ரிங்கோ (இணைப்பில் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஒரே ஒரு பேக்கோ மாற்றினால் தீர்கிற வேலைக்கு ஸ்பிரிங் போட்டால், உயரம் கூட்டிக் குறைக்கும் வசதி போய்விடும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் எரியும், அதை அணைக்கத் தனி வேலை.

வால்வு உள்ளுக்குள்ளேயே கசிந்தாலோ, காரின் உயரத்தை அளக்கும் ஹைட் சென்சார் கெட்டிருந்தாலோ இந்தச் சோதனையில் தெரியாது, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர்தான் வேண்டும். நாலு பேக்கும் பழசாகி வெடிப்பு விட்ட கார், பழுதுபார்க்கக் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போகும் (டோ) செலவே கட்டுபடியாகவில்லை என்றால், சரி, தாராளமாக ஸ்பிரிங்குக்கு மாறலாம். அப்புறம், காரைத் தாங்கும் ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் தலையை விடாதீர்கள், காற்றுப் போனால் கார் அப்படியே உட்காரும்.