பட்டியலில் பிள்ளையின் பெயர் இல்லையா? புகார் எழுதுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு வியாழக்கிழமை இரவு, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் நின்றபடி வகுப்புப் பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அப்போது ஐந்தாம் ஆண்டில் படித்த என் மகள், 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓடப் பல வாரம் பயிற்சி செய்திருந்தாள். வட்டாரப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் வெளியான பட்டியலில் அவள் பெயர் இல்லை. “வியர்வை சிந்துவது ஒரு பிள்ளை, பேருந்தில் ஏறுவது இன்னொரு பிள்ளையா?” என்று எழுதினேன். விடிவதற்குள் பக்கம் பக்கமாகப் பதில்கள் வந்துவிட்டன. விளையாட்டு ஆசிரியை குழுவிலிருந்து விலகிவிட்டார். மகள் பள்ளிக்குப் போக மறுத்தாள். அவளுக்குப் பதிலாகத் தேர்வான பெண், வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருபவள். அதை நான் எழுதும்போது நினைத்துப் பார்க்கவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் மறுபடி ஒரு தேர்வோட்டம் வைத்திருக்கிறார்கள். வராதவர்களுக்கு வேறு நாள் தரவில்லை, வீட்டுக்கும் தகவல் சொல்லவில்லை. அது உண்மையான குறை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் “அவளுக்கும் ஒரு முறை நேரம் எடுத்துப் பார்ப்பீர்களா?” என்று கேட்பதற்கு எனக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் குழுவில் மூண்ட சண்டையை அணைப்பதிலேயே போய்விட்டது. அவள் ஓடவில்லை.

அதன் பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழுவில் இருந்தபோது, இதே மனக்கொதிப்போடு வந்த பல பெற்றோரைப் பார்த்தேன். பெரும்பாலோரின் ஆதங்கத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் கைநழுவிப் போன வழிகள்தான் திரும்பத் திரும்ப ஒன்றாக இருந்தன.

என்ன வேண்டும் என்று சொல்லாத புகார்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆசிரியரின் குணத்தைப் பற்றியவை. அவர் பாரபட்சம் பார்ப்பவர், முகம் கொடுத்துப் பேசாதவர், போன ஆண்டும் இப்படித்தான் செய்தார் என்று மூன்று பக்கம் ஓடும். கடைசி வரி வரை படித்தாலும் பெற்றோர் கேட்பது என்ன என்று தெரியாது. அப்படிப்பட்ட கடிதத்தைத் தலைமையாசிரியரால் கோப்பில் வைக்கத்தான் முடியும். ஒருவரின் குணத்தை அவரால் மாற்ற முடியாது. தேர்வோட்டத்தை மறுபடி நடத்த, மாற்று ஆட்டக்காரராகச் சேர்க்க, தேர்வு எந்த அடிப்படையில் நடந்தது என்று எழுத்தில் தர, விடுபட்ட சான்றிதழை வழங்க அவரால் முடியும்.

ஆகவே ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்: “ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகள், இந்தத் தேதியில் மருத்துவ விடுப்பில் இருந்தாள்; சான்றிதழை இணைத்துள்ளேன். அன்று அஞ்சல் ஓட்டத் தேர்வு நடந்ததாக அறிகிறேன். பெயர்ப் பட்டியல் அனுப்பப்படுவதற்கு முன் அவளுக்கும் ஒரு வாய்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.” இதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் நழுவவும் இடமில்லை. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்குத் தமிழிலேயே எழுதலாம். தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் போகும் கடிதம் மலாயில் இருக்கட்டும். மலாயில் எழுதத் தயக்கம் என்றால் தெரிந்தவர் உதவியை நாடுங்கள். அந்தத் தயக்கத்தாலேயே நல்ல புகார்கள் சில எழுதப்படாமல் போனதை நான் அறிவேன்.

காலம் கடந்த பின் கேட்பது

பள்ளி, வட்டாரம் அல்லது மாவட்டம், மாநிலம், கடைசியாக மலேசியப் பள்ளி விளையாட்டு மன்றத்தின் தேசியப் போட்டி என்று படிப்படியாக ஏறும் அமைப்பு இது. ஒரு படியில் பெயர் போகாவிட்டால் அடுத்த படிக்கு அந்த ஆண்டு வழியில்லை. போட்டி முடிந்து ஒரு மாதம் கழித்து வரும் மிக நியாயமான கடிதத்துக்கும் வருத்தம் தெரிவிப்பதைத் தவிரப் பள்ளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

போட்டி நாளன்று நடப்பவற்றுக்குக் கெடு இன்னும் குறுகியது. உலகத் தடகளச் சங்கத்தின் விதிப்படி, முடிவு முறையாக அறிவிக்கப்பட்ட 30 நிமிடங்களுக்குள் ஆட்சேபம் தெரிவித்தாக வேண்டும். பூப்பந்தில் அடுத்த சர்வ் போடுவதற்குள் நடுவரிடம் கேட்டுவிட வேண்டும். பள்ளிப் போட்டிகள் தங்கள் விதிகளைக் குழு நிர்வாகிகள் கூட்டத்தில் முன்கூட்டியே அறிவிப்பது வழக்கம். ஆட்சேபம் வழக்கமாகப் பள்ளியின் குழு நிர்வாகி வழியாகத்தான் போகும். வேலிக்கு வெளியே நின்று நடுவரை நோக்கிக் கத்தும் பெற்றோர் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் அது ஆட்சேபமாகப் பதிவாகாது. உங்கள் பள்ளியின் குழு நிர்வாகி யார் என்பதைக் காலையிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சி என்று நம்பிக் கொண்டுவருபவை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

“என் கைப்பேசியில் காணொளி இருக்கிறது, என் பையன்தான் இரண்டாவது” என்று ஒருவர் வந்தார். பார்த்தோம், அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அவர் நின்றிருந்தது முடிவுக் கோட்டுக்குப் பத்து மீட்டர் தள்ளி, சாய்வாக. கோட்டுக்கு நேராக நிற்காதபோது, அருகில் உள்ள தடமும் தொலைவில் உள்ள தடமும் படத்தில் உண்மையான இடைவெளியோடு தெரியாது. பின்னால் வருபவர் முந்தியதுபோலத் தோன்றுவார். இன்னொன்றும் உண்டு. ஓட்டம் முடிவது தலையோ கையோ காலோ கோட்டை அடையும்போது அல்ல. உடற்பகுதி கோட்டின் முன்விளிம்பை எட்டும்போதுதான். கையை நீட்டிக்கொண்டு வந்த பிள்ளை படத்தில் முந்துவான், முடிவில் பிந்துவான்.

நேரக் கணக்கும் அப்படியே. ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்துபவர் துப்பாக்கி ஒலிக்குச் சற்றுப் பிந்தியே தொடங்குகிறார். அதனால்தான் 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 வினாடி கூட்டிக்கொள்வது வழக்கம். நீங்கள் கைப்பேசியில் எடுத்த நேரத்தையும் ஆசிரியர் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஒரே நாளில், ஒரே திடலில், ஒரே ஆள் எடுத்த நேரங்களை மட்டுமே ஒப்பிடலாம். அதிலும் 0.1 வினாடி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். 100 மீட்டரை 15 வினாடியில் ஓடும் பிள்ளைக்கு அது சுமார் 67 சென்டிமீட்டர். ஒரு விரல் தாமதமாக அழுத்தினால் போய்விடும் தூரம்.

அப்படியானால் எது சாட்சி? பயிற்சிக்குப் போன நாட்களின் குறிப்பு, பள்ளியிலிருந்து வந்த அறிவிப்புகள், மருத்துவச் சான்றிதழ், யார் எப்போது என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதிவைத்த தேதி. வலைப்பந்து, காற்பந்து, செப்பாக் தக்ராவ் போன்ற குழு ஆட்டங்களில் கடிகாரம் உதவாது. அங்கே தேர்வின் அளவுகோல் என்ன, யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

வெளியே புறப்படுவதற்கு முன் வீட்டு அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். கையொப்பமிட வேண்டிய பெற்றோர் அனுமதிப் படிவம் பள்ளிப்பையின் அடியில் கசங்கிக் கிடந்ததால் விடுபட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 12 வயதுக்குட்பட்டோர் போன்ற பிரிவுகளில் வயதைக் கணக்கிடும் முறை தெரியாமல் எழுந்த புகார்களும் உண்டு.

இனம் என்ற சொல்

தேசிய இடைநிலைப்பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். “நம் பையன் என்பதால்தான் எடுக்கவில்லை, இல்லையா அக்கா?” இந்தக் கேள்வியை அற்பமென்று ஒதுக்க நான் தயாராக இல்லை. அந்த வலி கற்பனை அல்ல. ஆனால் கடிதத்தின் முதல் வரியில் அந்தச் சொல்லை வைத்தால், அதற்குப் பிறகு வரும் எதையும் யாரும் படிப்பதில்லை. ஆசிரியர் தன் பெயரைக் காப்பாற்றப் பேசுவார், பள்ளி ஆசிரியரைக் காப்பாற்றப் பேசும், பிள்ளையின் ஓட்டம் பேச்சில் வராது.

எண்களை முன்னால் வையுங்கள். தேர்வில் யார் யார் ஓடினார்கள், எந்த நேரம் பதிவானது, யார் எடுக்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். மலேசிய ஓட்டப்பந்தய வீரர் மருத்துவர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். 2017 வரை அது நாட்டின் சாதனையாக நின்றது. யாருடைய விருப்பு வெறுப்பும் அந்த எண்ணைத் தொட முடியவில்லை. பதிவான நேரங்களே ஒரு திசையைக் காட்டினால், அதுவும் ஒரு முறை அல்ல, அடுத்தடுத்த தேர்வுகளில் காட்டினால், அப்போது அந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதுங்கள். எண்களோடு வரும்போது அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

யாரிடம் போவது

முதலில் பள்ளியின் விளையாட்டுச் செயலாளர், பிறகு விளையாட்டு, கழகங்கள் முதலியவற்றைக் கவனிக்கும் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியர், அதன் பின் தலைமையாசிரியர். அங்கே தீராவிட்டால் கல்வி அலுவலகம். கோலாலம்பூரில் பங்சார்–பூடு, கெராமாட், செந்தூல் என வட்டாரம் வாரியாக அவை உள்ளன. அதற்கும் மேலே கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகா. கல்வி அமைச்சின் ‘சிஸ்பா’ இணையப் புகார் முறையிலும் பதிவு செய்யலாம். நேரடியாக மேலே போனால் வேகம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். நடைமுறையில் அந்தக் கடிதம் “பள்ளியின் விளக்கம் என்ன?” என்ற குறிப்போடு கீழே இறங்கி அதே தலைமையாசிரியரின் மேசைக்குத்தான் வரும். அதற்குள் போட்டி முடிந்திருக்கும். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு முதல் நாளே ஓடுவதும் அப்படித்தான்.

மொட்டைக் கடிதம் வேண்டவே வேண்டாம். பெயரில்லாதவருக்குப் பதில் அனுப்ப முடியாது, விவரம் கேட்டுத் தெளிவு பெறவும் முடியாது. எழுதியவர் யார் என்று பள்ளி எப்படியும் ஊகிக்கும், பல நேரம் தவறாக ஊகிக்கும்.

சமூக ஊடகத்தில் ஆசிரியரின் பெயரையும் படத்தையும் போடுவது அவப்பெயர் மட்டுமல்ல, சட்டச் சிக்கலும்கூட. 1957ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டமும், 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இணையத்தைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய 233ஆவது பிரிவும் இருக்கின்றன. மற்றப் பிள்ளைகளின் முகங்கள் தெரியும் காணொளியைப் பரப்புவதை நான் அதைவிடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை.

இந்தப் படிகள் எல்லாம் பொருந்தாத ஒரு நிலை உண்டு. அடி, தகாத தொடுதல், தண்டனையாகத் தண்ணீர் மறுத்து வெயிலில் ஓடவைப்பது, இழிவான வசை என்றால் அது விளையாட்டில் நடந்த பாரபட்சம் அல்ல, பிள்ளையின் பாதுகாப்பு. அப்போது வரிசை பார்க்காதீர்கள். காயமிருந்தால் மருத்துவமனை, போலீஸ் புகார். அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

பிள்ளையைக் கேட்காமல்

நான் செய்த தவறுகளில் இன்னும் உறுத்துவது இதுதான். மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் பெயரில் சண்டைக்குப் போனேன். பிறகு கேட்டபோது, “எனக்கு ஓட வேண்டும் அம்மா. டீச்சரைத் திட்ட வேண்டாம்” என்றாள். சில பிள்ளைகள் தாங்களே போய் ஆசிரியரிடம் கேட்க விரும்புவார்கள். சிலருக்கு அந்த ஆட்டத்தின் மேலேயே ஆசை தீர்ந்திருக்கும். அதைச் சொல்லத் தெரியாமல் “எடுக்கவில்லை” என்பார்கள். இடைநிலைப்பள்ளியில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அங்கே எந்த நிலை வரை போட்டியிட்டார் என்பது புறப்பாட மதிப்பெண்ணில் சேரும், அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் தகுதிக் கணக்கில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு உண்டு. அந்த எண்ணிக்கைக்காகப் பெற்றோர் போராட, பிள்ளை எப்போதோ காலணியைக் கழற்றி வைத்திருக்கும்.

புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் வரும். தலைமையாசிரியரை நேரில் பார்க்கும்போது அந்தப் பயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கமாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். கூடவே வகுப்பு ஆசிரியரோடு எப்போதும்போலப் பேசுங்கள்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், பட்டியல் எதுவும் வருவதற்கு முன்பே, புறப்பாடத் துணைத் தலைமையாசிரியருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதினேன். தேர்வோட்ட நாட்களை முன்கூட்டி அறிவிக்கவும், மருத்துவ விடுப்பில் இருப்பவர்களுக்கு இரண்டாவது நாள் ஒன்று ஒதுக்கவும் கேட்டிருந்தேன். இரண்டு வாரத்தில் அறிவிப்புப் பலகையில் இரண்டு தேதிகள் ஒட்டப்பட்டன. மகள் முதல் நாளிலேயே ஓடினாள். ஐந்தாவதாக வந்தாள், மாற்று ஓட்டக்காரராகப் பேருந்தில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் அதே பெண்.