சென்னையிலிருந்து ஆலப்புழா: கெட்டுவள்ளத்தில் (இரவு தங்கும் படகு வீட்டில்) முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் ரயில் டிக்கெட். சென்ட்ரலில் இரவு ஆலப்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். படகில் ஏற்றுவதும் பெரும்பாலும் 12 மணி வாக்கில்தான், அதனால் நேரம் சரியாகப் பொருந்தும். வண்டி தாமதமானால் படகுக்காரருக்கு போன் செய்து சொல்லிவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம், ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் வாடகை எகிறும்.

அடுத்து படகு. போட்டோவை நம்பி முழுப்பணம் கட்டாதீர்கள், முடிந்தால் புன்னமடைத் துறைக்கே போய் நேரில் பாருங்கள். ஒரு காலத்தில் குட்டநாட்டு (ஆலப்புழாவைச் சுற்றியுள்ள தாழ்நிலப் பகுதி) நெல்லை ஏற்றிப்போன சரக்குப் படகுதான் இது. அயினிப் பலகைகளை ஆணியே அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அப்படிக் கட்டியிருப்பதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஆசையாகக் காட்டுவார்கள்.

பேரம் பேசும்போதே கேட்க வேண்டியவை: ஏசி நாள் முழுக்கவா, ராத்திரி மட்டுமா? எந்த வழியாகப் போகும்? கழிப்பறைக் கழிவு தொட்டியில் சேர்கிறதா, இல்லை நேரே காயலில் (உப்பங்கழியில்) போகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள், கரையில் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள்.

சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள், அதற்குமேல் மீனவர்கள் வலை போடும் நேரம்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். பெரிய படகு அகலமான தண்ணீரில் மட்டும்தான் போகும், ஊர் இருப்பதோ குறுகலான தோடுகளுக்குள் (அங்கே வாய்க்காலுக்குத் தோடு என்று பெயர்). அதனால் கைனகரி கிராமத்துப் பக்கம் ஒரு மணி நேரத்துக்காவது துடுப்பு போடும் சின்ன வள்ளம் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். வேம்பநாட்டுக் காயலில் வரப்பு எழுப்பி, தண்ணீரை இறைத்து, கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைவிக்கிற நிலம் அது. நீங்கள் போகும் தண்ணீர் மேலே, வயல் கீழே! வரப்பு உடைந்தால் விளைச்சல் போச்சு. இதைப் பார்க்காமல் மெத்தையில் படுத்துவிட்டுத் திரும்பினால் போனதற்கே அர்த்தமில்லை.

சாப்பாட்டில் கரிமீன் (காயல் மீன்) வறுவல் கட்டாயம். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையில் காசு குறைவா? ஆலப்புழா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் படகுத்துறையிலிருந்து அரசுப் படகு கோட்டயம் வரை போகிறது, கட்டணம் ரொம்பக் குறைவு, பள்ளிப் பிள்ளைகளோடும் மார்க்கெட் கூடைகளோடும் அதே காயலைப் பார்த்துக்கொண்டே போகலாம்.