சர்வீஸை நிறுத்தாமலே அதற்கு ஒரு கட்டளை அனுப்ப

டாட்நெட்டில் எழுதிய விண்டோஸ் சர்வீஸ் (திரைக்குப் பின்னால் ஓடும் ப்ரோக்ராம்), மாறிய கான்ஃபிக் ஃபைலை (செட்டிங்ஸ் இருக்கும் ஃபைல்) மறுபடி படிக்க வேண்டும் என்பதற்காக அதை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். சர்வீஸில் ஆன்கஸ்டம்கமாண்ட் (OnCustomCommand) மெத்தடை ஓவர்ரைடு செய்து, 200 என்ற எண் வந்தால் ஃபைலைப் படி என்று எழுதிவிடுங்கள். மற்ற அப்ளிகேஷனில் சர்வீஸ்கன்ட்ரோலர் (ServiceController) ஆப்ஜெக்ட் வழியாக எக்ஸிக்யூட்கமாண்ட்(200), அதாவது ExecuteCommand(200) என்று கூப்பிட்டால் போதும்.

128 முதல் 255 வரையுள்ள எண்களை விண்டோஸ் நமக்கென்றே விட்டுவைத்திருக்கிறது. சர்வீஸ்களை நிர்வகிக்கும் விண்டோஸின் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜரே எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதால் இரண்டு ப்ரோக்ராம்களும் பேசிக்கொள்ளத் தனியாக போர்ட், பைப் எதுவும் திறக்க வேண்டியதில்லை. ப்ரோக்ராம் எழுதாமல் சோதித்துப் பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஸ்சி (sc), கன்ட்ரோல் (control), சர்வீஸ் பெயர், 200 என வரிசையாக இடைவெளி விட்டு அடியுங்கள். பழைய பவர்ஷெல்லில் எஸ்சி என்பது வேறொரு கட்டளையின் சுருக்கம். அங்கே எஸ்சி டாட் இஎக்ஸ்இ (sc.exe) என்று முழுதாக அடிக்க வேண்டும்.

போவது ஒரே ஒரு எண்தான். ஃபைல் பெயரோ வேறு விவரமோ அனுப்ப வேண்டும், பதிலும் வேண்டும் என்றால் இது சரிவராது, இரண்டு ப்ரோக்ராம்கள் டேட்டா பரிமாறிக்கொள்ள உதவும் நேம்டு பைப்புக்குப் போய்விடுங்கள். நின்றுபோன சர்வீஸுக்கு அனுப்பினால் எக்ஸப்ஷன் (பிழை)தான் வரும். அப்புறம் ஒன்று: சர்வீஸின் அனுமதிகளை மாற்றாமல் விட்டால், அட்மின் அல்லாத சாதாரண பயனரும் இந்த எண்களை அனுப்ப முடியும். டேட்டாவை அழிக்கிற வேலையை இதில் வைக்காதீர்கள்.