வெனிஸில் இருவருக்கு ஒரு கோண்டோலாக் கணக்கு

வெனிஸுக்கு ஜோடியாகப் போகிறவர்கள் 'கோண்டோலா' எனும் துடுப்புப் படகுச் சவாரிக்கென்று தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். அரசு விலையே பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. இது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஏறும் முன்பே தொகையையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள். பாட்டு வேண்டுமா? அது தனிக் காசு.

அவ்வளவு எதற்கு, ஏறினோம் என்று இருந்தால் போதும் என்பவர்களுக்கு 'திராகெத்தோ' இருக்கிறது. கிராண்ட் கால்வாயின் அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் கோண்டோலா அது. சுமார் 2 யூரோதான், ஆனால் சில நிமிடத்தில் கரை வந்துவிடும். காலையில் சான்டா சோஃபியா துறையில் ஏறினால் எதிரே ரியால்டோ மீன் சந்தை.

இறங்கியதும் சந்தையை ஒட்டிய சந்துகளில் நுழையுங்கள். 'பாக்கரோ' எனும் குட்டி ஒயின் கடைகளில் நின்றபடியே 'சிக்கெத்தி' எனும் சிறு தீனிகள் சாப்பிடலாம். அதில் ஒன்று, காட் மீன் கருவாட்டை ஊறவைத்து, வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய் போலக் கடைந்து, சின்ன ரொட்டித் துண்டில் தடவித் தருவார்கள். கருவாடு என்றதும் குழம்பை நினைக்காதீர்கள், துளிக் காரம் இருக்காது! அப்புறம், உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் பெரும்பாலும் 'கோபெர்தோ' என்று ஆளுக்கு இவ்வளவு என பில்லில் சேர்ப்பார்கள். மெனு அட்டையின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.